எண்பத்தைந்துக்கு மேல் கட்டம் இல்லை

பேஸ்பால் லீகில் பெற்றோர்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் வேலைகளிலேயே யாரும் கை தூக்காத வேலை பந்து எண்ணுவது. தின்பண்டக் கடையில் நிற்க ஆள் கிடைக்கும், மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு போட அப்பாக்கள் போட்டி போடுவார்கள், சீசன் தொடக்க விழாவுக்கு பலூன் கட்டுவதற்கென்றே ஒரு கூட்டம் வரும். ஆனால் பிட்சர் எறிகிற ஒவ்வொரு பந்துக்கும் ஒரு தாளில் ஒரு கட்டத்தை அடித்துக்கொண்டு ரெண்டு மணி நேரம் அசையாமல் உட்கார வேண்டும் என்றால் எல்லோருக்கும் திடீரென்று வேறு வேலை வந்துவிடும். நான் ஒத்துக்கொண்டது சேவை மனப்பான்மையால் எல்லாம் இல்லை. கையில் ஒரு வேலையும் இல்லாமல் என் மகன் பந்து எறிவதைப் பார்த்துக்கொண்டிருக்க என்னால் முடியாது, அவ்வளவுதான்.

நாங்கள் இருப்பது நியூஜெர்சியின் நடுப்பகுதியில். தெருவில் பாதிக்கு மேல் நம்மவர்கள், பூங்காவில் ஞாயிற்றுக்கிழமை காலை டென்னிஸ் பந்து கிரிக்கெட்டும் உண்டு. என் மகன் மட்டும் எப்படியோ பள்ளி நண்பன் ஒருவன் பின்னால் போய் லிட்டில் லீகில் சேர்ந்தான், அப்புறம் வெளியே வரவே இல்லை. இப்போது வயது 11, மேஜர்ஸ் என்கிற பிரிவில் ஆடுகிறான். லிட்டில் லீக் என்பது 1939இல் பென்சில்வேனியாவின் வில்லியம்ஸ்போர்ட் ஊரில் கார்ல் ஸ்டாட்ஸ் என்பவர் வெறும் மூன்று அணிகளை வைத்துத் தொடங்கியது. அந்த மூன்றுக்கும் பணம் போட்டது ஒரு பால் நிறுவனம், ஒரு மரக் கம்பெனி, ஒரு பிரெட்சல் கம்பெனி. அந்த வழக்கம் இன்னும் மாறவில்லை. எங்கள் பையன்களின் சட்டை முதுகில் ஊரில் குழாய் ரிப்பேர் பார்க்கிறவரின் கடைப் பெயர், எதிரணியின் முதுகில் ஒரு பல் மருத்துவமனை. ஆக, ஜூன் மாதச் சனிக்கிழமை ஒன்றில் எங்கள் ஊர் லீகின் இறுதி ஆட்டம், குழாய்க்காரருக்கும் பல் மருத்துவருக்கும்.

கிரிக்கெட் பார்த்து வளர்ந்தவர்களுக்கு ஒரு கணக்கு சொல்கிறேன். நம் பிட்ச் ஸ்டம்புக்கு ஸ்டம்ப் 66 அடி. அதில் இருபதைக் கழித்தால் வருகிற 46 அடிதான் இந்த வயதுப் பிள்ளைகளுக்குப் பிட்சர் நிற்கும் இடத்துக்கும் பேட்டர் நிற்கும் இடத்துக்கும் நடுவே உள்ள தூரம். பெரியவர்களுக்கு 60 அடி 6 அங்குலம். பந்து தரையில் குத்தி எழும்பப் போவதில்லை, நேராக வருகிறது. ஓடி வந்து வேகம் எடுக்க வழியில்லை, நின்ற இடத்திலிருந்து ஒரு காலைத் தூக்கி முன்னால் வைத்து எறிய வேண்டியதுதான். கிரிக்கெட்டில் முழங்கையை 15 டிகிரிக்கு மேல் நீட்டினால் எறிகிறான் என்று பிடித்துவிடுவார்கள், இங்கே எறிவதுதான் வேலையே. அந்த வேகத்தின் பாரம் கடைசியில் தோளிலும் முழங்கையிலும்தான் விழுகிறது.

அதனால்தான் எண்ணுகிறார்கள். 11, 12 வயதுப் பிள்ளை ஒரு நாளைக்கு 85 பந்துக்கு மேல் எறியக் கூடாது. அதோடு முடியவில்லை, எறிந்த எண்ணிக்கைக்கு ஏற்ப ஓய்வு நாளும் உண்டு: 20 வரை எறிந்தால் ஓய்வு வேண்டாம், 35 வரை ஒரு நாள், 50 வரை ரெண்டு, 65 வரை மூன்று, 66ஐத் தொட்டுவிட்டால் நாலு. அன்று 41 பந்து எறிந்துவிட்ட பிள்ளை அதற்குப் பிறகு அதே நாளில் பேட்டருக்குப் பின்னால் குந்தி உட்கார்ந்து பந்தைப் பிடிக்கும் கேட்சராக நிற்கக் கூடாது, ஏனென்றால் கேட்சரும் ஒவ்வொரு பந்தையும் திருப்பி எறிகிறவன்தான். 2007க்கு முன்பு வாரத்துக்கு இத்தனை இன்னிங்ஸ் என்றுதான் கட்டுப்பாடு இருந்தது. மூன்று அவுட் ஆகும் வரைதான் ஒரு இன்னிங்ஸ், அது எட்டுப் பந்திலும் முடியும், நாற்பதிலும் முடியும், கைக்கு இன்னிங்ஸ் தெரியாது, பந்துதான் தெரியும். இதை மாற்ற எலும்பு மருத்துவர்கள் சொல்ல வேண்டியிருந்தது. வளர்கிற பிள்ளைக்கு முழங்கையின் உள்பக்கத்து எலும்பு முனை இன்னும் குருத்தெலும்பாகத்தான் இருக்கும். ஒவ்வொரு எறிக்கும் தசை அதைப் பிடித்து இழுக்கிறது. சில பிள்ளைகளுக்கு அது வீங்கி வலிக்கும், சிலருக்கு அந்த முனை பிய்ந்தே வந்துவிடும்.

பெரிய பையன்களுக்கு எலும்பு தப்பித்துவிடும், பிணைக்கிற தசைநார் அறுந்துபோகும். 1974 வரைக்கும் அது நடந்தால் பிட்சரின் கதை முடிந்தது. அந்த வருஷம் டாட்ஜர்ஸ் அணியின் டாமி ஜான் என்ற இடக்கை பிட்சருக்கு ஃபிராங்க் ஜோப் என்ற மருத்துவர் வலது முன்கையிலிருந்து ஒரு தசைநாணை எடுத்து இடது முழங்கையில் வைத்துத் தைத்தார். டாமி ஜான் 1976இல் திரும்பி வந்து 1989 வரை ஆடினார். இன்று அந்த அறுவை சிகிச்சைக்கே அவர் பெயர்தான். உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கூட நடக்கிறது. மைதானத்து ஓரத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும் பெற்றோர்கள் அந்தப் பெயரைப் பக்கத்து வீட்டுக்காரரைப் பற்றிப் பேசுவது மாதிரி சர்வசாதாரணமாகச் சொல்வார்கள், எனக்கு ஒவ்வொரு முறையும் வயிற்றைப் பிசையும்.

அரையிறுதி செவ்வாய்க்கிழமை சாயங்காலம். மகன்தான் முதலில் எறிந்தான். எங்கள் கோச்சும் ஒரு அப்பாதான், பகலில் காப்பீட்டு நிறுவனத்தில் வேலை. அன்று அவர் ஆட்டத்தைப் பார்த்ததை விட என் தாளைப் பார்த்ததுதான் அதிகம். செவ்வாய் 65க்குள் நிறுத்தினால் புதன், வியாழன், வெள்ளி ஓய்வு, சனி இறுதி ஆட்டத்தில் எறியலாம். 66 ஆனால் ஞாயிறுதான். ஒவ்வொரு பேட்டர் முடிந்ததும் வேலிப் பக்கம் வந்து "எத்தனை?" என்பார். விதியில் ஒரு நுணுக்கம் இருக்கிறது: ஒரு பேட்டருக்கு எறிந்துகொண்டிருக்கும்போதே எல்லையைத் தாண்டினால், அந்த பேட்டரை முடித்துவிட்டு உடனே இறங்கிவிட்டால் பழைய கணக்கிலேயே வைத்துக்கொள்ளலாம். மகன் 64இல் இருக்கும்போது ஒரு பேட்டர் வந்தான், 67இல் அவுட் ஆனான். கோச் ஓட்டமாக ஓடி அம்பயரிடம் போய் மாற்றிவிட்டார். தாளில் 67 என்று எழுதி, ஓய்வு மூன்று நாள் என்று எழுதினேன். வரி கணக்கு போடுகிறவர்கள் கண்டுபிடித்த ஆட்டமோ இது என்று அவ்வப்போது தோன்றும்.

சனிக்கிழமை காலையே வெயில் ஏறிவிட்டது. ஊரிலிருந்து அப்பா வந்திருந்தார். கோவில்பட்டிக்காரர், அங்கே பையன்களுக்கு ஹாக்கி மட்டைதான் முதல் மட்டை, அவரும் ஆடியிருக்கிறார், முட்டியில் அதற்கான தழும்பு இன்னும் இருக்கிறது. வேட்டியைத் தவிர்த்துப் பேரன் வாங்கிக் கொடுத்த தொப்பியோடு வந்து, மடக்கு நாற்காலியை என் மேஜைக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டார். எண்ணுகிறவர்கள் உட்காருவது ஹோம் பிளேட்டுக்கு, அதாவது பேட்டர் நிற்கிற, மூன்று பேஸையும் சுற்றி வந்து மிதித்தால் ரன் கிடைக்கிற இடத்துக்குப் பின்னால் இருக்கும் வலைக்குப் பின்பக்கம். எங்கள் லீகில் ரெண்டு அணிக்கும் ஒவ்வொரு ஆள், ரெண்டு பேரும் இரு பக்கத்துப் பந்தையும் எண்ணி இன்னிங்ஸ் முடிந்ததும் சரிபார்த்துக்கொள்வோம். எதிரணிக்கு எண்ண வந்தவரும் ஒரு அம்மா, செவிலியர், இரவுப் பணி முடித்துவிட்டு நேராக வந்திருந்தார். அவர் கையில் கட்டைவிரலால் அழுத்துகிற எண்ணும் கருவி, என்னிடம் பென்சில். லீகின் தாளில் ஒவ்வொரு பிட்சருக்கும் 1லிருந்து 85 வரை குட்டிக் குட்டிக் கட்டமாக அச்சடித்திருக்கும், ஒரு பந்துக்கு ஒரு கட்டம் அடிக்க வேண்டும்.

என் கணவர் எங்களோடு உட்காரவில்லை. மகன் எறியும் நாளில் அவர் ரைட் ஃபீல்டு என்கிற வலதுபக்கக் கோடியின் வேலியோரம் தனியாக நிற்பார். யாராவது பேச்சுக் கொடுத்தால் இன்னும் கொஞ்சம் தள்ளிப் போய் நிற்பார்.

முதல் இன்னிங்ஸிலேயே 21 பந்து. பதற்றம், ரெண்டு பேருக்கு வாக். அப்பாவுக்கு அதுதான் முதலில் உறுத்தியது.

"ஏம்மா, அவன் மட்டையத் தொடவே இல்ல, எதுக்கு நடந்து போறான்?"

"நாலு பந்து கோட்டுக்கு வெளிய போட்டாச்சுப்பா. முதல் பேஸ் அவனுக்குச் சும்மா கிடைக்கும்."

"நல்லாருக்கே. சும்மா நின்னவனுக்குப் பரிசு, ஓங்கி அடிச்சு அந்தா அவ்வளவு தூரம் போட்டவன் பிடிச்சிட்டான்னு வெளிய போறான்."

இதற்கு நான் பதில் சொல்லவில்லை, ஏனென்றால் பந்து வந்துகொண்டிருந்தது. எண்ணுகிறவருக்கு இருக்கும் சௌகரியமே அதுதான், எந்தப் பேச்சையும் நடுவில் விட்டுவிடலாம். இன்னொன்றும் இருக்கிறது. மற்ற பெற்றோர்கள் ஒவ்வொரு பந்துக்கும் கத்துவார்கள், "நல்லாப் பார்த்தே", "ஒண்ணே ஒண்ணு போதும்", "கையை மேல வை", அந்தப் பிள்ளைக்கு எதுவும் காதில் விழப் போவதில்லை என்பது அவர்களுக்கே தெரியும். எண்ணுகிறவர் கத்தக் கூடாது. விதியில் இல்லை, ஆனால் பக்கத்தில் எதிரணி அம்மா உட்கார்ந்து உங்கள் எண்ணிக்கையை நம்பிக்கொண்டிருக்கும்போது எப்படிக் கத்துவது.

எதிரணியின் ஷார்ட்ஸ்டாப், அதாவது ரெண்டாவது, மூன்றாவது பேஸுக்கு நடுவே நிற்கிறவர், ஒரு பெண் பிள்ளை. எங்கள் அணியின் ரெண்டு நல்ல அடிகளை அவள்தான் பாய்ந்து எடுத்து அவுட் ஆக்கினாள். பின்னலை ஹெல்மெட்டுக்கு வெளியே விட்டுக்கொண்டு பேட் செய்ய வந்தபோது அப்பா "பொம்பளப் பிள்ளையும் ஆடுதா?" என்று சந்தோஷமாகக் கேட்டார். இந்த மாநிலத்தில் அந்தக் கேள்விக்கு ஒரு தனி வரலாறு இருக்கிறது. 1972இல் இதே நியூஜெர்சியின் ஹோபோக்கன் ஊரில் மரியா பெப்பே என்ற சிறுமி ஒரு லிட்டில் லீக் அணியில் சேர்ந்து மூன்று ஆட்டத்தில் எறிந்தாள். பெண் பிள்ளையைச் சேர்த்தால் உங்கள் ஊர் லீகின் அங்கீகாரத்தைப் பிடுங்கிவிடுவோம் என்று தலைமையகம் மிரட்டியது, ஊர்க்காரர்கள் அவளை நிறுத்த வேண்டியதாயிற்று. வழக்கு மாநில மனித உரிமைப் பிரிவுக்குப் போய், சில்வியா பிரெஸ்லர் என்ற அதிகாரி சிறுமிகள் பக்கம் தீர்ப்புச் சொல்ல, 1974இல் லிட்டில் லீக் கதவைத் திறந்தது. அதற்குள் மரியா பெப்பேவுக்கு வயது தாண்டிவிட்டது. அந்த ஷார்ட்ஸ்டாப் பிள்ளைக்கு இதெல்லாம் தெரியுமோ என்னவோ, மகன் எறிந்த மூன்றாவது பந்தை நடு மைதானத்துக்கு அனுப்பிவிட்டு ரெண்டாவது பேஸில் போய் நின்று பபிள்கம் ஊதிக்கொண்டிருந்தாள்.

ரெண்டாவது, மூன்றாவது இன்னிங்ஸில் மகன் சீராகிவிட்டான். இன்னிங்ஸ் முடிந்ததும் செவிலியர் அம்மா கருவியைத் திருப்பிக் காட்டுவார், நான் தாளைக் காட்டுவேன். 34, 34. சரி. 49, 49. சரி. அவர்களுடைய பிட்சர் எங்களை விடச் சிக்கனம். ஆனாலும் நாங்கள் மூன்றாவதில் மூன்று ரன், நாலாவதில் ஒன்று என்று எடுத்துவிட்டோம், அதில் ரெண்டு உண்மையில் கேட்சர் விட்ட பந்து. இந்த வயதில் பாதி ரன் அப்படித்தான் வரும். ரைட் ஃபீல்டில் எங்கள் அணியிலேயே சின்னப் பையன் நின்றுகொண்டிருந்தான். ஒவ்வொரு பிள்ளையும் ஆட்டத்தில் குறைந்தது ஆறு அவுட் நேரமாவது களத்தில் நிற்க வேண்டும், ஒரு முறையாவது பேட் செய்ய வேண்டும் என்பது லிட்டில் லீக் கட்டாயம். இறுதி ஆட்டம் என்றாலும் கட்டாயம்தான். லிட்டில் லீகில் எனக்கு மிகப் பிடித்த விதி எதுவென்றால் இதைத்தான் சொல்வேன். சில அப்பாக்களுக்கு அதுதான் சுத்தமாகப் பிடிக்காது.

நாலாவது முடிந்தபோது நாங்கள் 4, அவர்கள் 2. மகன் 66.

ஆறு இன்னிங்ஸ் ஆட்டம். மிச்சம் ரெண்டு, கையில் 19 பந்து. கோச் வேலிப் பக்கம் வந்து என்னைப் பார்த்தார், நான் எண்ணைச் சொன்னேன், அவர் தலையை ஆட்டிவிட்டு ஆட்டக்காரர்கள் உட்காரும் டக்அவுட்டுக்குள் போய் முதல் பேஸில் நிற்கும் பையனிடம் ஏதோ சொன்னார். அந்தப் பையன் கேட்சர் உதவியாளர் ஒருவனோடு ஓரமாய்ப் போய் எறிந்து பழக ஆரம்பித்தான். இப்படிப் பழகுகிற பந்து எதுவும் கணக்கில் வராது, இன்னிங்ஸுக்கு முன்னால் எறிகிற எட்டுப் பந்தும் வராது. கை அதையெல்லாம் எண்ணிக்கொண்டுதான் இருக்கும்.

ஐந்தாவதில் முதல் பேட்டர் நாலு பந்தில் அவுட். 70. அடுத்தவனுக்கு ஆறு பந்து, வாக். 76. மூன்றாவது பேட்டர் ஐந்து பந்தில் ஸ்ட்ரைக் அவுட், 81. ரெண்டு அவுட் ஆகிவிட்டது, ஒரு ஆள் முதல் பேஸில். அடுத்து வந்தவன் மகனுடைய வகுப்புத் தோழன், எங்கள் வீட்டு ஃபிரிட்ஜில் எது எங்கே இருக்கிறது என்று தெரிந்த பையன். 82 வெளியே. 83 ஃபவுல், மட்டையில் பட்டும் மைதானக் கோட்டுக்கு வெளியே போனது. 84 வெளியே. 85, சுற்றினான், படவில்லை.

தாளில் கடைசிக் கட்டத்தை அடித்தேன். செவிலியர் அம்மா கருவியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், எதுவும் சொல்லவில்லை. எல்லை வந்துவிட்டது என்று தலைமை அம்பயரிடம் சொல்வது எண்ணுகிறவரின் வேலை. சொல்லாமல் விட்டாலும் பொறுப்பு கோச்சுடையதுதான், ஆனால் வேலை எங்களுடையது. அவர் சொல்லலாம், நானும் சொல்லலாம். அவர் எனக்காகக் காத்திருந்தது நாகரிகமா, சங்கடமா என்று தெரியவில்லை. நான் எழுந்து வலை வழியாக "எண்பத்தைந்து" என்றேன். அம்பயர் முகமூடியைத் தூக்கி விரலால் சரி என்று காட்டிவிட்டு எங்கள் கோச் பக்கம் திரும்பி இந்த பேட்டரோடு சரி என்றார். பிளேட்டிலிருந்து நாற்பத்தாறு அடி தள்ளி நின்ற மகனுக்கும் அது கேட்டது. யார் குரல் என்றும் அவனுக்குத் தெரியும்.

எடுத்துக்கொண்ட பேட்டரை முடிக்கலாம். அதனால் அந்தத் தோழன் எவ்வளவு நேரம் நிற்கிறானோ அவ்வளவு நேரம் மகனும் எறியலாம். 86 ஃபவுல். 87 வெளியே, இப்போது மூன்று பால் ரெண்டு ஸ்ட்ரைக், இன்னொன்று வெளியே போனால் வாக், இன்னொரு ஸ்ட்ரைக் ஆனால் அவுட், இதற்கு மேல் தள்ளிப்போட எதுவும் இல்லை. மகன் தொப்பியைக் கழற்றி முன்கையால் நெற்றியைத் துடைத்தான். பந்தைக் கையுறைக்குள் வைத்து விரலால் தையலைத் தேடுவது அங்கிருந்தே தெரிந்தது, பந்தில் இருக்கும் சிவப்புத் தையலில் ரெண்டு விரலும் குறுக்கே படிய வேண்டும், அப்போதுதான் நேராக வரும். 88, மறுபடி ஃபவுல், வலையில் என் முகத்துக்கு நேரே வந்து இடித்து விழுந்தது. தாளில் கட்டம் இல்லை, ஓரத்தில் வெறும் கோடாகப் போட்டுக்கொண்டிருந்தேன். 89, தோழன் அடித்துவிட்டான். ஷார்ட்ஸ்டாப்புக்கும் மூன்றாவது பேஸுக்கும் நடுவே தரையோடு தரையாகப் போனது. முதல் பேஸில் இருந்தவன் மூன்றாவதுக்கு ஓடிவிட்டான்.

கோச் மெதுவாக நடந்து போய்ப் பந்தை வாங்கிக்கொண்டார். இரு பக்கமும் கை தட்டினார்கள். அப்பாவுக்கு மட்டும் ஆறவில்லை.

"நல்லா எறியுற பிள்ளைய எதுக்கு எடுக்காங்க? ஒரு அவுட்தான வேணும். அவன் முடிச்சிருப்பான்லா."

"எண்பத்தஞ்சுதான்ப்பா கணக்கு."

"கணக்கு யாரு போட்டா? வலிக்குதுன்னு பையன் சொன்னானா?"

சொல்ல மாட்டான். விஷயமே அதுதான். பதினோரு வயதில் இறுதி ஆட்டத்தில் ரெண்டு அவுட் ஆனபின் கை வலிக்கிறது என்று சொல்கிற பிள்ளையை நான் பார்த்ததில்லை. அந்த நிமிஷத்தில் கோச்சும் கேட்க மாட்டார், கேட்டாலும் பதிலை நம்ப மாட்டார், நம்பவும் விரும்ப மாட்டார். எனக்கே அப்பா சொன்னது நியாயமாகப் பட்டது, இன்னொரு பேட்டர், இன்னும் நாலைந்து பந்து, என்ன ஆகிவிடும். இந்த விதி எதிரணிக்கு எதிராகப் போட்டதில்லை, பிள்ளைக்கு எதிராகவும் இல்லை, வலைக்குப் பின்னால் உட்கார்ந்து இப்படி நினைக்கிற என்னைப் போன்றவர்களுக்கு எதிராகப் போட்டது. எழுதியவர்கள் பெற்றோர்களை நன்றாகத் தெரிந்தவர்கள். பேச்சுவார்த்தைக்கு இடமே வைக்காமல் ஒரு எண்ணைப் போட்டுவிட்டார்கள்.

முதல் பேஸ் பையன் எறிய வந்தான், மகன் முதல் பேஸுக்குப் போனான். புதுப் பையன் பாவம், ரெண்டாவது பந்தையே தரையில் குத்திவிட்டான், அது கேட்சரைத் தாண்டி என் கால்மாட்டு வேலி வரை உருண்டு வந்தது, மூன்றாவது பேஸில் இருந்தவன் ஹோமுக்கு வந்துவிட்டான். 4க்கு 3. அப்புறம் ஒருவழியாக ஒரு அவுட் கிடைத்து இன்னிங்ஸ் முடிந்தது. ஆறாவதில் நாங்கள் ஒன்றும் எடுக்கவில்லை, மூன்று பேர் வந்தார்கள், மூன்று பேரும் போனார்கள்.

கடைசிப் பாதி அவர்களுடையது. ஒரு வாக், ஒரு ஸ்ட்ரைக் அவுட், ஒரு அடி, ஒரு எளிய அவுட், மறுபடி வாக். ரெண்டு அவுட், மூன்று பேஸிலும் ஆள். வேலியோரத்தில் என் கணவர் முதுகைத் திருப்பிக்கொண்டு நின்றிருந்தார். பேட்டருக்கு ரெண்டு ஸ்ட்ரைக் ஆகிவிட்டது. அடுத்த பந்து தாழ்வாக வந்தது, அவன் சுற்றினான், படவில்லை. மூன்றாவது ஸ்ட்ரைக், ஆட்டம் முடிந்தது என்று எங்கள் பக்கம் எல்லோரும் எழுந்துவிட்டார்கள்.

பந்து கேட்சர் கையில் நிற்கவில்லை. கையுறையில் பட்டு அவன் முன்னால் ஒரு சாண் தூரத்தில் விழுந்து கிடந்தது. மூன்றாவது ஸ்ட்ரைக்கைக் கேட்சர் பிடிக்காவிட்டால், ரெண்டு அவுட் ஆகியிருக்கும்போது பேட்டர் முதல் பேஸுக்கு ஓடலாம், அவனை அங்கே அவுட் ஆக்க வேண்டும். இது எல்லோருக்கும் தெரிந்த விதி. ஆனால் மூன்று பேஸிலும் ஆள் இருந்தால் மூன்றாவது பேஸ்காரன் ஹோமுக்கு வந்தே ஆக வேண்டும், ஆகவே பந்தை எடுத்துக்கொண்டு காலடியில் இருக்கும் ஹோம் பிளேட்டை மிதித்தாலே போதும், அவுட், ஆட்டம் முடிந்தது. ஒரே ஒரு எட்டு. எங்கள் டக்அவுட் மொத்தமும் "ஹோம், ஹோம்" என்று கத்தியது, பெற்றோர்களில் பாதிப்பேர் "ஃபர்ஸ்ட், ஃபர்ஸ்ட்" என்று கத்தினார்கள். சீசன் முழுக்க அந்தப் பையனுக்குச் சொல்லிக் கொடுத்தது பந்து விழுந்தால் எடுத்து முதல் பேஸுக்கு எறி என்பதுதான். எடுத்தான், எறிந்தான். உயரமாகப் போய்விட்டது. முதல் பேஸில் என் மகன் எகிறினான், கையுறை நுனிக்கும் பந்துக்கும் நடுவே வெளிச்சம் தெரிந்தது. பந்து ரைட் ஃபீல்டுக்குப் போக, மூன்றாவது பேஸ்காரன் வந்தான், ரெண்டாவது பேஸில் இருந்த அந்த ஷார்ட்ஸ்டாப் பிள்ளையும் பின்னல் பறக்க வந்து சேர்ந்தாள். 5க்கு 4.

பல் மருத்துவமனை கொண்டாடியது. கேட்சர் பையன் முகமூடியைக் கழற்றாமலே ஹோம் பிளேட் மேல் உட்கார்ந்துவிட்டான். மகன் முதல் பேஸிலிருந்து நடந்து வந்தான், நான் அவன் ஏதாவது சொல்வான் என்று பார்த்தேன், ஒன்றும் சொல்லவில்லை, கேட்சர் பையனுடைய மார்புக் கவசத்தின் வாரைப் பின்னாலிருந்து கழற்றிவிட ஆரம்பித்தான். அது தனியாகக் கழற்ற வராது. முட்டிக் கவசத்தையும் கழற்றி ரெண்டையும் தூக்கிக்கொண்டு ரெண்டு பேரும் கை குலுக்கும் வரிசைக்குப் போனார்கள். கேட்சர் பையனுடைய அம்மா என்னிடம் வந்து நாலு முறை மன்னிப்புக் கேட்டார், எதற்கென்று அவருக்கும் தெரியவில்லை. தின்பண்டக் கடையில் ரெண்டு அணிக்கும் இலவசமாக ஐஸ் கொடுத்தார்கள், கால் மணி நேரத்தில் யார் எந்த அணி என்று சட்டையை வைத்துத்தான் சொல்ல முடிந்தது, வாய் எல்லோருக்கும் நீலமாக இருந்தது.

நானும் செவிலியர் அம்மாவும் தாளில் கையெழுத்துப் போட்டோம். 89, ஓய்வு நாலு நாள். அவர் "உங்கள் மகன் நன்றாக எறிந்தான்" என்றார், "உங்கள் ஷார்ட்ஸ்டாப்பும்" என்றேன், "அது என் பெண்தான்" என்றார். அத்தனை நேரம் பக்கத்தில் உட்கார்ந்திருந்து அந்தப் பிள்ளை பந்தை எடுத்தபோதெல்லாம் ஒரு சத்தம் கூடப் போடாதவர்.

காரில் அப்பா இன்னும் அந்த ஒரு அவுட்டையே பேசிக்கொண்டு வந்தார். மகன் பின்னால் கையில் ஐஸ் பையைக் கட்டிக்கொண்டு "தாத்தா, எனக்கு கடைசியில பந்து கேக்கவே மாட்டேன்னு சொல்லிச்சு" என்றான். எண்பதுக்கு மேல் தோள் தொங்கிப்போய் முழங்கை கீழே இறங்கிவிடுமாம், அதனால் பந்து மேலே மேலே போகுமாம். அவன் இதை ஏதோ சைக்கிள் செயின் கழன்றதைச் சொல்வது மாதிரி சாதாரணமாகச் சொன்னான். அப்பா அதற்குப் பிறகு கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.

வீட்டுக்கு வருவதற்குள் என் போனில் செய்தி. மகன் வெளியூர்களுக்குப் போய் ஆடும் இன்னொரு அணியிலும் இருக்கிறான், நிறையப் பிள்ளைகள் அப்படித்தான், ரெண்டு இடத்திலும் ஆடுவார்கள். லிட்டில் லீகின் எண்ணிக்கை லிட்டில் லீக் ஆட்டத்துக்கு மட்டும்தான். அந்தப் பக்கம் யாரும் இந்தத் தாளைக் கேட்க மாட்டார்கள், இந்தப் பக்கத்தவர்களும் அந்தப் பக்கத்துக் கணக்கைப் பார்க்க மாட்டார்கள். இதுதான் இந்த ஏற்பாட்டில் உள்ள பெரிய ஓட்டை, எல்லோருக்கும் தெரியும், எல்லோரும் பெற்றோர் பார்த்துக்கொள்வார்கள் என்று விட்டுவிட்டார்கள். அந்த அணியின் கோச் கேட்டிருந்தார்: நாளை டோர்னமென்ட், ரெண்டே ரெண்டு இன்னிங்ஸ் எறிவானா?

வியாழக்கிழமை வரை எறிய மாட்டான் என்று எழுதினேன். கட்டைவிரல் படம் ஒன்று வந்தது. உடனே இன்னொரு செய்தி: சரி, அப்படியென்றால் கேட்சராக நிற்பானா?

அதற்கும் இல்லை என்று எழுதினேன். பேரனும் தாத்தாவும் சேர்ந்துகொண்டு ராத்திரி சாப்பாடு வரை என்னோடு வாதாடினார்கள், ரைட் ஃபீல்டில் நிற்பதற்குக் கூட என்ன என்று. ரைட் ஃபீல்டு சரி என்றேன்.